கற்பனையே

நான் வரலாற்றாசிரியன். துப்பறியும் நாவல்களும் எழுதுகிறேன். வரலாறு விற்காது, கொலை விற்கும்.

ஆனைமலைப் பக்கம் கூலி உயர்த்திக் கேட்ட பண்ணையாள் ஒருவர் கிணற்றில் பிணமாகக் கிடந்தார். முதலாளியின் ஆட்கள் தள்ளிவிட்டதாக ஊரே என்னிடம் சொன்னது. போலீஸ் காகிதத்தில் 'கால் தவறி விழுந்தார்' என்றிருந்தது. அதை எழுதிய போலீஸ் ஏட்டு, முதலாளிக்கு மச்சான். ஆனாலும் எங்கள் தொழிலில் காகிதம் பேசினால் ஊர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். வரலாற்று நூலில் 'தவறி விழுந்தார்' என்றே எழுதினேன். ஆத்திரம் அடங்கவில்லை. ஊர்ப் பெயரை மாற்றி அதே சாவை நாவலாக்கி, தள்ளியவர்களைச் சிறையில் அடைத்தேன். நாவல் சக்கைப்போடு போட்டது.

போன மாதம் காந்திபுரத்துப் புத்தகக் கடையில் ஒரு பெண் என்னிடம் வந்தார். இறந்தவரின் மகளாம். கையில் என் இரண்டு புத்தகங்களும் இருந்தன.

"ஏனுங்க, இதுல எங்கய்யன் தவறி விழுந்தாருங்கறீங்க. அதுல தள்ளிவுட்டாங்கங்கறீங்க. எதுங்க நெசம்?"

"நாவல்ல இருக்கறதுதானுங்க நெசம், அம்மணி," என்றேன்.

அவர் நாவலின் முதல் பக்கத்தைத் திறந்து விரல் வைத்துக் காட்டினார். 'இதில் வரும் சம்பவங்கள் யாவும் கற்பனையே.'

"அப்பறம் இதை எதுக்குங்க போட்டீங்க?"