கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்ட அக்கா

பிள்ளைகளே, உங்கள் அத்தையின் முதலாண்டு நினைவுக்கு மலர் போடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தபோது, கட்டுரை யார் எழுதுவது என்று எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் எட்டாவது வரை படித்தவன். கல்யாணப் பத்திரிகைமேல் விலாசம் எழுதியதைத் தவிர வேறு எழுத்து வேலை செய்ததில்லை. ஆனாலும் அக்கா எனக்குச் செய்த ஒரு காரியம் உங்களுக்குத் தெரியாது. அப்போது பெரியவள் தொட்டிலில் இருந்தாள், சின்னவன் பிறக்கவே இல்லை. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். இதைப் படிக்கும் உறவினர்களும் நண்பர்களும் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது ஆரணியில், நாம் இப்போது குடியிருக்கும் இதே தெருவில். எங்கள் அப்பா பட்டுத்தறி நெய்தவர். அக்காதான் மூத்தவர். அவருக்கும் எனக்கும் நடுவில் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. அம்மாவுக்கு இளைப்பு நோய் இருந்ததால் ஐந்தாவதோடு அக்காவின் பள்ளிக்கூடம் நின்றது. காலையில் சோறு வடித்துவிட்டு, அப்பாவின் தறிக்கு ராட்டையில் நூல் சுற்றிக் கொடுப்பார். வாய் சும்மா இருக்காது. பக்கத்து வீட்டுப் பெண்களை அவர்கள் பேசுவதுபோலவே பேசிக் காட்டுவார். அப்பாகூடத் தறியை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்.

மாமா கலசப்பாக்கத்துப் பக்கம். ஆரணியில் ஒரு அரிசி மில்லில் மூட்டை எடை போடும் வேலைக்கு வந்தவர். நல்ல மனிதர் என்று அப்பாவுக்குத் தெரிந்தவர்கள் சொல்லி, அக்காவைக் கொடுத்தார்கள். மாமாவுக்கு எதையும் நாளைக்கு என்று வைக்கத் தெரியாது. மனதில் பட்டதை அன்றைக்கே செய்துவிடுவார். அக்கா அதைச் சொல்லியே அவரைக் கிண்டல் செய்வார். "இவருக்குப் பசிச்சா அடுப்புல இருக்கிறப்பவே சாப்பிடணும்" என்பார். அவர்களுக்கு ஒரே மகள். இப்போது வந்தவாசியில் பிள்ளைகுட்டிகளோடு நன்றாக இருக்கிறாள்.

எங்கள் தொழிலில் கையில் பணம் வைத்துக்கொண்டு யாரும் புடவை நெய்யத் தொடங்குவதில்லை. நூலும் ஜரிகையும் கடையில் கடனாக எடுப்போம். புடவை முடிந்து வியாபாரியிடம் பணம் வந்ததும் கடைப் பாக்கியைக் கட்டுவோம். கட்டினால் அடுத்த புடவைக்கு ஜரிகை கிடைக்கும். இதற்குப் பத்திரம், அடமானம் எதுவும் கிடையாது. இந்த ஆள் சொன்னால் சொன்னபடி வருவான் என்ற பேர் ஒன்றுதான். அப்பா காலமான பிறகு அந்தப் பேரை நம்பித்தான் நான் இரண்டு தறி ஓட்டினேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம் எனக்கு மஞ்சள்காமாலை வந்தது. பத்தியச் சாப்பாடும் படுக்கையுமாகக் கிடந்தேன். தறியில் உட்கார முடியவில்லை. ஜரிகைக் கடைப் பாக்கி அப்படியே நின்றது. கடைக்காரர் ஒருமுறை ஆள் அனுப்பிக் கேட்டார். உங்கள் அம்மா, "எழுந்ததும் வந்து கட்டுவாருங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

இது மாமாவின் காதுக்குப் போய்விட்டது. மில்லில் போனஸ் வந்த நாள் அது. நேராக ஜரிகைக் கடைக்குப் போய், என் பாக்கி முழுவதையும் கட்டிவிட்டு வந்துவிட்டார். அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. என் படுக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "மச்சான், இனிமே நிம்மதியா தூங்கு" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

உடம்பு தேறியது. ஒரு வியாபாரி ஆவணி முகூர்த்தத்துக்கென்று கல்யாணப் புடவைகளுக்குச் சொல்லியிருந்தார். ஜரிகை வாங்கக் கடைக்குப் போனேன். கடைக்காரர் உடம்பைப் பற்றி அன்பாகத்தான் விசாரித்தார். ஜரிகை கேட்டதும், "இந்தத் தடவ ரொக்கமா எடுத்துக்கயேன் தம்பி" என்றார்.

"பாக்கி எதுவும் இல்லையேங்க?"

"இல்லதான். ஆனா அத நீ கட்டல. உங்க மாமா கட்டினாரு. நாளைக்கு ஒண்ணுன்னா நான் உன் வாசல்ல வந்து நிக்கணுமா, மில்லு வாசல்ல போய் நிக்கணுமா? தப்பா எடுத்துக்காத. பஜார்ல பேச்சு அப்படித்தான் கீது. அவனால ஆவல, மச்சான்காரன் பாத்துக்கறான்னு."

அங்கிருந்து நூல் கடைக்குப் போனேன். அங்கேயும் ரொக்கம் என்றார்கள். இரண்டு தறியும் சும்மா நின்றன. எனக்குக் கூலிக்கு நெய்துகொண்டிருந்தவர், "இன்னும் ஒரு வாரம் பாப்பேன். அப்பால வேற வீட்டுக்குப் போய்டுவேன், கோச்சிக்காதீங்க" என்றார். அவருக்கும் குடும்பம் இருந்தது. அந்தப் புடவைகளைக் கொடுக்க முடியாவிட்டால் வியாபாரியும் போய்விடுவார். பிறகு நானும் யார் வீட்டிலாவது கூலிக்கு உட்கார வேண்டியதுதான்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய், மாமா முன்னால் எல்லாவற்றையும் கொட்டினேன். மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"போனஸ் பணம்பா அது. உங்க அக்காளுக்கு ஒரு பொடவ கூட எடுக்கல. நல்லது செஞ்சது தப்பாப் பூடுச்சா?"

"தப்புன்னு சொல்லல மாமா. என்னக் கேட்டுட்டு செஞ்சிருக்கலாமே."

"காமாலையில கண்ணத் தொறக்காம கெடந்தவன இன்னாத்த கேக்கறது?"

அக்கா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் மொதல்ல சாப்பிடுங்க. வெறும் வயித்துல சண்ட போட்டா பித்தம் ஏறும். ஒருத்தனுக்கு ஏற்கெனவே ஏறிதான் எறங்கிச்சு" என்றார். மாமா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலையில் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து, "சட்டயப் போடு, கடைக்குப் போலாம்" என்றார். எதற்கு என்று சொல்லவில்லை. அக்கா அதுவரை ஜரிகைக் கடைப் படி ஏறியதில்லை. கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள், எல்லோரும் தெரிந்தவர்கள். அக்கா கடைக்காரரைப் பார்த்து, "அண்ணே, எங்க வீட்டுக்காரரு கொடுத்த பணத்த திருப்பிக் கொடுங்க" என்றார்.

கடைக்காரர் கணக்கு நோட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"இன்னாம்மா சொல்ற?"

"பணத்தக் கொடுங்க. இவன் பாக்கிய இவன் பேர்லயே திரும்ப எழுதிக்குங்க. வாரா வாரம் இவனே வந்து கட்டுவான்."

கடைக்காரர் வாயில் போட்ட வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டார். "கடன் கேட்டு வர்றவங்களப் பாத்திருக்கேன், தவண கேட்டு வர்றவங்களப் பாத்திருக்கேன். கட்டின கடனப் பிரிச்சிக் கொடுன்னு கேக்கற மொத ஆளு நீதாம்மா."

"இவனுக்குக் கை இருக்குது, காலு இருக்குது, ரெண்டு தறி இருக்குது. அப்புறம் எதுக்கு இன்னொருத்தர் கட்டணும்? அவரு பாசத்துல கட்டிட்டாரு. அதுக்காக இவன செத்தவன் கணக்குல வெச்சிட்டா எப்படிண்ணே?"

"இவன் கட்டலன்னா?"

"பணம் எங்க வீட்லதான் இருக்கும், எங்கியும் போவாது. அப்ப வந்து என்னக் கேளுங்க. ஆனா மொதல்ல இவனக் கேளுங்க."

பின்னால் நின்ற ஒருவர், "மொதலாளி, பேசாம கொடுத்துடுங்க. இல்லன்னா அந்தம்மா கடையில பங்கு கேக்கும்" என்றார். கடைக்காரரே சிரித்துவிட்டார். ஆனாலும் அன்றைக்குக் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை அன்று கல்லாவிலிருந்து பணம் வெளியே போகக் கூடாது என்றார். "சரிண்ணே, நாளைக்கு வரோம்" என்று அக்கா படி இறங்கினார். கடை கண்ணுக்கு மறைகிற வரைக்கும் நிமிர்ந்து நடந்தவர், கோயில் முனை திரும்பியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "ஒரு சோடா வாங்கிக் கொடுடா தம்பி" என்றார். ஓடிப் போய் வாங்கி வந்தேன்.

சனிக்கிழமை கடைக்காரர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு தறிக்கு மட்டும் ஜரிகை கொடுத்தார். இன்னொன்றுக்குப் பிறகு பார்க்கலாம் என்றார். அதைப் பார்த்து நூல் கடையிலும் பழையபடி கடன் கொடுத்தார்கள்.

அந்தப் பணத்தை அக்கா மாமா கையில் வைத்தார். மாமா வாங்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இது அவனுக்குக் கொடுத்ததுதாங்க. நீங்களே வெச்சிகினு இருங்க. அவனுக்குக் கொறஞ்சா உங்ககிட்டதான் வருவான். நீங்க அவன் கையில கொடுங்க, அவன் கடைக்காரர் கையில கொடுக்கட்டும்" என்று அக்கா சொன்ன பிறகுதான் வாங்கிக்கொண்டார். என்னோடு பேச அவருக்கு மேலும் சில நாள் ஆயிற்று. அதில் அவர்மேல் குற்றம் இல்லை. தான் ஆசையாகக் கொடுத்த ஒன்று திரும்பி வந்தால் யாருக்கும் வருத்தமாகத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு புடவைப் பணம் வரும் நாளில் அக்கா சாயங்காலமாக நம் வீட்டுக்கு வந்துவிடுவார். உங்கள் அம்மாவோடு பேசிக்கொண்டே, "கடைக்குப் போய்ட்டு வந்துட்டியா?" என்பார். போகவில்லை என்றால் நான் எழுந்து போகிற வரைக்கும் தாழ்வாரத்தை விட்டு நகர மாட்டார். சில வாரம் வியாபாரி இழுத்தடிப்பார். அப்போது மாமாவிடம் போய் வாங்கிக்கொண்டு போய்க் கட்டுவேன். புடவைப் பணம் வந்ததும் மாமாவிடம் திருப்பிக் கொடுப்பேன். மழைக்காலத்தில் ஒரு வாரம் என்னிடமும் இல்லை, மாமாவும் மகளின் வைத்தியத்துக்கு அந்தப் பணத்தை எடுத்திருந்தார். அடுத்த வாரம் சேர்த்துக் கட்டிவிடலாம் என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

அக்கா வந்தார். "கிளம்பு" என்றார்.

"கையில ஒண்ணும் இல்லக்கா."

"இல்லன்னு சொல்லிட்டு வா."

"அத போய் எப்படிக்கா சொல்றது? பேஜாரா கீது."

"அவரு உன்னத் தேடக் கூடாதுடா. தேட ஆரம்பிச்சாதான் ஆளு மேல சந்தேகம் வருது. நீயா போய் அவரு கண்ணுல படு. திட்டினா வாங்கிகினு வா."

குடையை எடுத்துக்கொண்டு போனேன். கடையைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடியும் தாண்டிப் போனேன். பிறகு ஏறிவிட்டேன். "இந்த வாரம் முடியலீங்க. அடுத்த வாரம் பாதியாவது கொண்டாறேன்" என்றேன். கடைக்காரர் என் குடையை வாங்கி மூலையில் சாத்தினார். "இத சொல்லவா மழையில வந்த? உக்காரு" என்று டீ சொல்லிவிட்டார். டீ குடித்து முடித்து எழுந்தபோது, "ரெண்டாவது தறி இன்னும் சும்மாதான் கீதா? ஜரிகைய எடுத்துகினு போ" என்றார்.

அத்தனை வாரம் பணத்தோடு போனபோது கிடைக்காதது வெறுங்கையோடு போன அன்றைக்குக் கிடைத்தது. வீட்டுக்கு வந்து அக்காவிடம் காட்டினேன். தொட்டுப் பார்த்தார். "நனைச்சிட்டியா?" என்று கேட்டார். அதுவரை ஒரே தறியில் என்னோடு மாறி மாறி உட்கார்ந்து நாளை ஓட்டிய கூலிக்காரரும் நம்மை விட்டுப் போகவில்லை. நாம் இன்று நாலு தறி வைத்துக் கூலி கொடுக்கிறோம் என்றால் அதற்கு அந்த மழைநாள்தான் காரணம்.

பிறகு அக்காவுக்கும் மாமாவுக்கும் வயதாயிற்று. மூட்டை தூக்கி மாமாவின் முதுகு போய்விட்டது, மில் வேலையை விட்டார். போன வருஷம் அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷனுக்குப் பணம் கட்டச் சொல்லிச் சீட்டு வந்தது. நான் சீட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அக்கா என் சட்டை முனையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கடா போற?"

"பணம் கட்டத்தான்."

"அவரு எங்க?"

"வெளிய டீ குடிச்சிகினு இருக்காரு."

"நீ கட்டாத. அவர்கிட்ட கொடு. பொண்டாட்டி ஆஸ்பத்திரிக்கு மச்சான் கட்னான்னு நெனச்சி நெனச்சி ஒடஞ்சி பூடுவாரு மனுஷன்."

நான் வெளியே போய்ப் பணத்தை மாமாவிடம் நீட்டினேன். அவர் பணத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். டீ கிளாஸைக் கீழே வைத்தார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டு, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, வரிசையில் போய் நின்றார். நீளமான வரிசை. நான் நிற்கிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். ரசீதைக் கொண்டுவந்து தானே அக்காவிடம் காட்டினார்.

"கட்டியாச்சு."

"எவ்ளோங்க?"

"உனக்கு எதுக்கு அது? நான்தான் கட்டிட்டேனே."

"சரிங்க" என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டார். அன்று அவர் முகத்தில் நோவு தெரியவில்லை.

ஆபரேஷன் ஆன பிறகு சில வாரம் எங்களோடு இருந்தார். அதற்கு மேல் எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. வலி அதிகம் இல்லாமல், மகள் மடியில் தலை வைத்தபடி போனார்.

அக்காவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் நர்ஸம்மாக்களுக்கும், வேலூரில் எங்களுக்குத் தங்க இடம் கொடுத்த மாமாவின் உறவுக்காரர்களுக்கும், துக்கத்தின்போது எங்கள் வீட்டு அடுப்புக்கும் சேர்த்துச் சமைத்த தெருப் பெண்களுக்கும், பாடையைத் தூக்கிய தறிக்காரப் பிள்ளைகளுக்கும், அன்று முழுவதும் கடையைச் சாத்திவிட்டு வந்து எங்களோடு நின்ற ஜரிகைக் கடைக்காரருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் இதை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். ஆஸ்பத்திரி விஷயம் வரும் இடத்தில் நிறுத்தி, "இத எடுத்துடட்டுமா மாமா?" என்று கேட்டேன்.

"எடுக்காத. நீ கொடுத்தேன்னு எழுது. ஆனா நான் கட்டினேன்னும் எழுது. ரெண்டும் நெஜம்தானே" என்றார்.

ஆகவே எல்லோரும் அறிய எழுதுகிறேன். அக்காவின் ஆஸ்பத்திரிப் பணத்தைக் கட்டியவர் மாமாதான்.