பெயிண்ட் உடைந்த திருகு

ஓடும் எஞ்சினின் மூடிமேல் நிறைந்த டீ கிளாஸை வைத்து, "பாருங்க சார், ஆடுதா?" என்று கேட்பார் எங்கள் சர்வீஸ் மேனேஜர். படிப்பு முடிந்த கையோடு கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஒரு கார் பட்டறையில் நான் மெக்கானிக்காகச் சேர்ந்திருந்த காலம் அது. வண்டியை ஒப்படைக்கும்போதெல்லாம் இந்த வித்தை நடக்கும். டீ ஆடாது. வந்தவர் பூரித்துப்போவார். பிறகு மேனேஜர் அதே டீயை உறிஞ்சிக் குடிப்பார். அந்தச் சத்தத்தை இன்றும் என்னால் சகிக்க முடிவதில்லை.

பக்கத்திலுள்ள ஆரணியிலிருந்து டிரைவர் அண்ணன் ஒருவர் வருவார். சொந்த வேனில் கம்பெனிப் பெண்களை ஷிப்டுக்கு ஏற்றிவருவதுதான் அவர் பிழைப்பு. வண்டியை நிறுத்தி ஏசி போட்டால் எஞ்சின் அணைந்துவிடுகிறது என்றார். இதில் மர்மம் ஒன்றுமில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சினுக்குக் காற்று போகும் பெரிய வழி மூடிக்கொள்ளும். அப்போதும் அது அணையாமலிருக்க, பக்கத்திலுள்ள சிறு வழியில் ஒரு வால்வு கொஞ்சம் காற்றை விடும். எவ்வளவு விடுவது என்பதை வண்டியின் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். ஏசி போட்டால் பாரம் கூடுமென்று அதுவே கூட்டிக்கொடுக்கும். அண்ணன் வண்டியில் அந்தச் சிறு வழி கரி பிடித்து அடைத்திருந்தது. கழற்றிச் சுத்தம் செய்தால் தீர்ந்தது.

அதற்கெல்லாம் மேனேஜருக்கு ஏது பொறுமை? பெரிய வழியின் கதவைத் தாங்கும் திருகு ஒன்று உண்டு. யாரும் தொடக்கூடாதென்று அதன்மேல் வண்டி தயாரிப்பவர்களே பெயிண்ட் வைத்து அனுப்புவார்கள். அவர் அந்தப் பெயிண்டை உடைத்துத் திருகினார். கதவு சற்றுத் திறந்தபடியே நின்றது. கம்ப்யூட்டர் சிறு வழியை முழுக்க மூடியும் காற்றை அடக்க முடியவில்லை. எஞ்சின் அணையாமல் தேவைக்கு மேல் வேகமாக ஓடியது. வேகமாக ஓடினால் எஞ்சினின் உதறல் தெரியாது, டீ ஆடாது. வித்தை அவ்வளவுதான்.

அன்றிலிருந்து கிளட்சை விட்டதும் வேன் முன்னால் பாய்ந்தது. ஒரு நாள் காலை பெண்களை இறக்கிவிட்டு வண்டியை எடுக்கும்போது கம்பெனி கேட்டின் தடுப்புக் கம்பியில் போய் மோதியது. யாருக்கும் அடியில்லை. கம்பெனி அதிகாரி அண்ணனையும் வேனையும் கூட்டிக்கொண்டு நேரே பட்டறைக்கு வந்தார். கோளாறு வண்டியில் என்றால்தான் அண்ணனுக்கு டிரிப் தொடரும்.

மேனேஜர் கொஞ்சமும் கூசாமல் கிளாஸை வைத்தார். "வண்டில ஒன்னும் இல்ல சார். இவருக்குதான் காலு அடங்கல. கிளட்ச்ச படக்குனு வுட்டுர்றாரு."

உடைந்த பெயிண்டைக் காட்டி நடந்ததைச் சொன்னேன்.

"இன்னாம்மா, காலேஜ்ல படிச்சத இங்க வந்து ஒப்பிச்சிக்கினு கீற" என்று மேனேஜர் சிரித்தார். அதிகாரியும் சேர்ந்து சிரித்தார். அண்ணன் மட்டும் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். டிரிப் அன்றே போயிற்று. அந்தப் பட்டறையில் அதற்குமேல் இருக்க எனக்கு அருவருப்பாக இருந்தது, நின்றுவிட்டேன்.

போன மாதம் அதே கம்பெனிக்கு ஒரு வேலையாகக் காரில் போனேன். கேட்டில் செக்யூரிட்டி உடுப்பில் அண்ணன் நின்றார். வேனை விற்றுவிட்டாராம். மகனுடைய பைக்கைக்கூட அவர் தொடுவதில்லையாம். அந்தத் திருகைப் பற்றி மறுபடி எடுத்தேன்.

"வுடும்மா. மேனேஜர் சாரு கரெக்டாதான் சொன்னாரு, எனக்குதான் காலு சரியில்ல. அந்தப் பொண்ணுங்க மேல ஏத்திருந்தா இன்னா ஆயிருக்கும்?"

எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. நேரமாகிறது என்று தடுப்பைத் தூக்கிவிட்டு, என் ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"கிளட்ச்ச மெதுவா வுடும்மா."