சினை பிடிக்காத அயிலைகள்

மலைமேல் இருக்கும் ஏலப்பாறைச் சந்தையில் மீன் விற்கும் செபமாலையம்மாளுக்கு ஐம்பத்து மூன்று வயது. தேயிலைக் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த எஸ்டேட் மூடியதும், ஒரு வெட்டுக்கட்டையும் இரண்டு கத்தியுமாக இந்தத் தொழிலுக்கு வந்தார். பதினெட்டு வருஷம் ஆகிறது. மீனைப் பற்றி அவர் அறிந்ததெல்லாம் அதன் வயிற்றைக் கீறித் தெரிந்துகொண்டதுதான். ஜூன் மழை இறங்கி, பெரிய விசைப்படகுகளுக்குத் தடை வந்ததும் சிறு வள்ளங்களில் போகிறவர்கள் பிடிக்கும் மத்தி மீனில் சினை நிறைந்திருக்கும். அயிலைக்கும் ஏறக்குறைய அதே காலம். சினையைத் தனியே எடுத்துத் தரச் சொல்லும் வீடுகளைக்கூட அவருக்குத் தெரியும்.

ஒன்றை மட்டும் தப்பாக நினைத்திருந்தார். சின்ன அயிலைகளில் சினையே இருக்காது. அவையெல்லாம் ஆண் மீன் என்று தானாகவே முடிவுகட்டியிருந்தார்.

போன வருஷம் ஜூலையில், கொச்சியிலிருந்து மீன் கொண்டுவரும் வேன்காரர் ஜின்சன் பெட்டிக்கு மூடியாக ஒரு மலையாள நோட்டீஸைப் போட்டிருந்தார். மீன்வளத்துறை ஒட்டுவது. மருமகள் சிஞ்சு அதைப் படித்தாள்.

"அயிலை பதினாலு சென்டிமீட்டருக்குக் கீழ இருந்தா பிடிக்கக் கூடாதாம் அத்தை. மத்தின்னா பத்து."

"ஏனாம்?"

"அதெல்லாம் குட்டியாம். ஒரு தடவையாச்சும் முட்டை போட விடணுமாம்."

செபமாலையம்மாள் கத்தியைக் கீழே வைத்தார். "அப்ப ஆம்பளைன்னு நெனச்சு நான் வெட்டுனது பூராம் பச்சப்புள்ளைகளா?"

அன்று மாலையே சிஞ்சுவின் தையல் டேப்பை வாங்கி அளந்து, வெட்டுக்கட்டையின் ஓரத்தில் பதினாலுக்கு ஒன்றும் பத்துக்கு ஒன்றுமாக இரண்டு கீறல் போட்டார்.

அடுத்த வாரம் ஜின்சன் இறக்கிய பெட்டியில் இருந்தவை எல்லாம் குட்டி அயிலைகள். ஒன்றை எடுத்துக் கட்டையில் வைத்துப் பார்த்தார். பதினாலுக்கு எட்டவில்லை.

"இது வேண்டாம் ஜின்சா. கொண்டுபோயிரு."

"என்ன சேச்சி, மலைமேல வந்து யாரு அளக்கப் போறா?"

"நான் அளந்துட்டேன்ல."

ஜின்சன் முகத்தைத் தூக்கிக்கொண்டு பெட்டியைப் பக்கத்துக் கடையில் இறக்கிவிட்டுப் போனார். மூன்று வாரம் ஜின்சன் இவர் கடைப்பக்கம் திரும்பவில்லை. செபமாலையம்மாள் கருவாடும் அணையில் பிடித்த சிலேப்பி மீனும் விற்றார். வாடிக்கைக்காரர்களில் பாதிப்பேர் பக்கத்துக் கடைக்கு மாறினார்கள். அவருக்கு உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது.

ஒருநாள் தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்யும் மாரீஸ்வரன், பக்கத்துக் கடையில் வாங்கிய குட்டி அயிலையை வெட்டித் தரச் சொல்லி இவரிடமே கொண்டுவந்தார். செபமாலையம்மாள் மறுக்காமல் வெட்டினார். ஒவ்வொரு வயிற்றையும் விரித்துக் காட்டிக்கொண்டே வந்தார். இருபத்தாறு மீன். ஒன்றில்கூடச் சினை இல்லை.

"கடல் எம்புட்டுப் பெருசு! ஏலப்பாறைல நீங்க ஒரு பெட்டிய விட்டா என்ன ஆகப்போகுது, அக்கா?"

"என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது தம்பி. வாங்கி விக்க எனக்குக் கை வரலை, அம்புட்டுதான்."

மாரீஸ்வரன் மீனை வாங்கிக்கொண்டு போய்விட்டார். குழம்பு வைத்துச் சாப்பிட்டும் இருப்பார்.

ஆகஸ்டில் தடை முடிந்து படகுகள் இறங்கின. ஜின்சன் பெரிய அயிலையாகப் பார்த்து ஒரு பெட்டி எடுத்துவந்தார்.

"சேச்சிக்கு இனி பெருசு மட்டும் தனியா எடுத்து வைக்கேன். ஒண்ணும் கிடைக்காத நாள்ல என்னைத் திட்டக் கூடாது."

"திட்ட மாட்டேன். இறக்கு."

குட்டி மீன் இன்னமும் பக்கத்துக் கடைக்கு வருகிறது, வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். செபமாலையம்மாளின் கடையில் வாரத்தில் இரண்டு நாள் கடல் மீன் இருப்பதில்லை. அந்த நாட்களில் சிலேப்பி விற்கிறார்.