மழைக்கு மேலே, வெயிலுக்குக் கீழே

தாராவியில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் ஏறி வருவதில்லை, இறங்கித்தான் வருகிறார்கள். சந்துக்குப் புதிதாக சிமெண்ட் போடும் ஒவ்வொரு முறையும் சந்து கொஞ்சம் உயர்ந்துவிடும், வீடு பள்ளத்தில் நின்றுவிடும். பிறகு வீட்டுக்குள் தரையை உயர்த்துவார்கள். தரை உயர்ந்தால் தலைக்கு மேலே இருக்கும் இடம் குறையும். என் கணவர் பிறந்து வளர்ந்த வீடுதான் இது. இருந்தும் அவர் வாசல் நிலையில் தலையை இடித்துக்கொள்ளாத வாரம் இல்லை.

கல்யாணமாகி வந்த புதிதில், மதியம் பாயில் படுத்துக்கொண்டு, இந்தத் தரைக்குக் கீழே இருக்கும் தரைகளை நினைத்துக்கொண்டிருப்பேன். டைல்ஸுக்கு அடியில் சிவப்பு சிமெண்ட். அதற்கு அடியில் யாரோ உடைத்துக் கொட்டிய செங்கல். எல்லாவற்றுக்கும் அடியில் கழிமுகத்துச் சேறு. ஒரு காலத்தில் இங்கே பர்த்தி வந்துபோகுமாம். கடல் ஏறி வருவதை இங்கே எல்லோரும் பர்த்தி என்றுதான் சொல்கிறார்கள். யாருக்கும் வேண்டாத சேறாக இருந்ததால்தான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு இந்த இடம் கிடைத்தது. மண்ணையும் குப்பையையும் கொட்டி, மேலே வீடு கட்டிக்கொண்டார்கள். அரைத் தூக்கத்தில், சேற்றுக்கும் அடியில் தண்ணீர் மெதுவாக மூச்சுவிடுவதுபோல எனக்குத் தோன்றும்.

நான் வளர்ந்தது செம்பூரில், ஒரு குன்றின் சரிவில். அங்கே மழைத்தண்ணீர் எங்கள் வாசலைத் தொட்டுக்கொண்டு ஓடும், நிற்காது. வாசலில் விட்ட செருப்பு சரிவின் கீழே எங்கேயாவது கிடக்கும். மழை எங்களுக்குச் செய்த தொந்தரவு அவ்வளவுதான். தாராவியில் அப்படி இல்லை. பெருமழையும் பர்த்தியும் ஒரே நேரத்தில் வந்துவிட்டால், சாக்கடைத் தண்ணீர் கடலுக்குப் போக வழியில்லாமல் திரும்பி வீட்டுக்குள் வரும். அதனால் இங்கே எல்லாமே இடுப்புக்கு மேலேதான். ஸ்விட்ச் போர்டு என் தலை உயரத்தில். அரிசி டப்பா பரண்மேல். கேஸ் சிலிண்டர் செங்கல் மேடைமேல். மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் தரையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்த என் மகள்.

எங்கள் சந்தில் ஒவ்வொரு கீழ்வீட்டுக்கும் ஒரு மேல்வீடு உண்டு. மே மாதத்தில் மேலே தகரக் கூரைக்கு அடியில் இருக்க முடியாது. மேல்வீட்டார் பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே வந்துவிடுவார்கள். ஜூலையில் தண்ணீர் வந்தால் கீழ்வீட்டார் மேலே போய்விடுவார்கள். வரலாமா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. எங்கள் மேல்வீட்டில் இருப்பவர் காலையில் இட்லி அவித்துக் கடைகளுக்கு அனுப்பும் ஒரு அக்கா. அவர் தலையணையோடு இறங்கி வந்து எங்கள் ஃபேனுக்கு நேர் கீழே படுத்துவிட்டால், காலண்டர் பார்க்க வேண்டாம், வெயில் காலம் வந்துவிட்டது.

ஆனால் மேல்வீட்டுக்குப் படிக்கட்டு கிடையாது. சுவரோடு நெட்டுக்குத்தலாக ஒரு இரும்பு ஏணி, பிடித்துக்கொள்ள மேலிருந்து தொங்கும் ஒரு கயிறு, அவ்வளவுதான். குழந்தையை வைத்துக்கொண்டு அதில் ஏறுவதை நினைத்தாலே எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். அதனால் போனில் பர்த்தி நேரம் பார்த்து, மழையும் சேரும்போலத் தெரிந்தால், முன்கூட்டியே மகளைத் தூக்கிக்கொண்டு செம்பூருக்கு, உம்மா வீட்டுக்குப் போய்விடுவேன்.

"என்னட்டி, மலைக்காரி மலைக்குக் கிளம்பியாச்சா?" என்று அக்கா மேலிருந்து கேட்பார். "எங்க ஏணி என்ன, கடிச்சா வச்சிரும்?"

நான் சிரித்து மழுப்பிவிடுவேன்.

மகள் தவழ ஆரம்பித்த அந்த வருடம், தூரத்துப் புறநகரான டோம்பிவிலியில் மூன்றாவது மாடியில் ஒரு ஃபிளாட் வாடகைக்கு வந்தது. என் நச்சரிப்பு தாங்காமல் கணவர்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவருடைய பை தைக்கும் பட்டறை அடுத்த சந்தில் இருக்கிறது. மதியம் சாப்பிட வரும்போது மகளைத் தோளில் போட்டுத் தூங்கவைத்துவிட்டுப் போவார். டோம்பிவிலிக்குப் போனால் அது முடியாது.

"நீ சொல்லு, போயிரலாம்," என்றார். "நான் லோக்கல் ட்ரெயின்ல தொங்கிக்கிட்டு வந்துருவேன். பிள்ளைய மட்டும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை முழிச்சிருக்கும்போது பாத்துக்கிடுதேன்."

கேலியா வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை. போகலாம் என்று முடிவு செய்வேன், பால் காய்ச்சி இறக்குவதற்குள் வேண்டாம் என்று தோன்றும். பிள்ளைக்கு நனையாத தரை முக்கியமா, வாப்பா முக்கியமா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டால் இரண்டும் என்றுதான் பதில் வரும்.

ஞாயிறுக்கு முந்திய வெள்ளிக்கிழமை விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. பர்த்தி நண்பகலில். கணவர் பட்டறையில் தோல் சுருள்களைப் பலகைமேல் ஏற்றப் போயிருந்தார். நான் போனில் அவரிடம் சொல்லிவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு, மெயின் ரோட்டில் செம்பூர் பஸ் பிடித்தேன்.

சயான் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் நின்றுவிட்டது. கண்ணாடி முழுக்க ஆவி. மகள் உள்ளங்கையால் அதைத் தேய்த்தாள். அந்தச் சின்னக் கை வடிவத்துக்குள் ரோடு இல்லை, பழுப்பு நிறத்தில் ஒரு ஏரி இருந்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி யாரோ உட்கார்ந்திருப்பதுபோல நிதானமாக மிதந்து போனது. அதன் பின்னாலேயே ஒரு தேங்காய். தூரத்தில், மேகத்துக்குள் பாதி கரைந்து, எங்கள் குன்று தெரிந்தது. ஏதோ வேறு நாட்டில் இருப்பதுபோல அவ்வளவு தள்ளி.

உம்மாவுக்குப் போன் செய்தேன்.

"வராத புள்ள, திரும்பிப் போயிரு. இங்க வாசல்ல தண்ணி ஆறா ஓடுது. எல்லாம் கீழ ரோட்டுல போயிக் குளமா நிக்குன்னு சொல்லுதாவ."

அந்தக் குளத்துக்குள்தான் நான் இருந்தேன். எங்கள் வாசலில் நிற்காமல் ஓடிய தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. வீட்டுக்கும் குன்றுக்கும் நடுவில் இப்படி ஒரு பள்ளம் இருப்பதையும் நினைத்துப் பார்க்கவில்லை. மேட்டை மட்டும் பார்த்துக்கொண்டு கிளம்பியிருந்தேன்.

கண்டக்டர், வண்டி இனிமேல் போகாது என்று இந்தியில் சொன்னார். மகளைத் துப்பட்டாவால் நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினேன். நடு ரோட்டுத் தடுப்பை ஒட்டிச் சில பெண்கள் கைகோத்து வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். யாரோ என் கையையும் பிடித்துக்கொண்டார்கள். அப்படியே திரும்பி நடந்தோம்.

சந்துக்கு வந்தபோது தண்ணீர் எங்கள் நிலைப்படியைத் தாண்டிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. பழகிய விருந்தாளிபோல உள்ளே போய்க்கொண்டிருந்தது. கணவர் வாசலில் பாயைத் தலைமேல் தூக்கிக்கொண்டு நின்றார்.

"நீ செம்பூர் போய்ச் சேந்திருப்பேன்னு நெனச்சிக்கிட்டிருக்கேன்!" பாயை உள்ளே பரண்மேல் எறிந்துவிட்டு என்னிடம் வந்தார்.

"மலைக்காரி வந்தாச்சு!" மேலிருந்து அக்காவின் தலை எட்டிப் பார்த்தது. "மலை எங்கட்டி? வழியில போட்டுட்டியா?"

ஏணியைப் பிடித்தேன். கம்பி சில்லென்று, வழுக்கலாக இருந்தது.

"கீழ பாக்காத. என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே ஏறு," என்றார் அக்கா. "நல்லா இல்லாட்டியும் பாரு!"

பின்னால் கணவர் ஒரு கையால் என் முதுகைத் தாங்கிக்கொண்டே ஏறினார். மகளின் மூச்சு என் கழுத்தில் சூடாகப் பட்டது. ஒவ்வொரு கம்பியிலும் நின்று நின்று, அக்காவின் மூக்குத்தியை மட்டும் பார்த்துக்கொண்டு ஏறினேன்.

மேலே எங்களுக்குப் பாய் ஏற்கெனவே விரித்திருந்தது. எங்கள் அரிசி டப்பா அவருடைய இட்லிக் கொப்பரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. கூரையில் மழை இரைச்சல் போட்டது. மகள் பாலைக் குடித்துவிட்டுத் தூங்கிப்போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சந்தே தெரியவில்லை. இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவில் சாம்பல் நிற வானம் கிடந்தது, அதில் மழைத்துளிகள் விழுந்துகொண்டிருந்தன. எல்லா மேல்வீட்டு ஜன்னல்களிலும் கீழ்வீட்டு முகங்கள். பர்த்தி இறங்கியதும் தண்ணீர் வந்த மாதிரியே, அவசரமில்லாமல், திரும்பிப் போனது.

ஞாயிற்றுக்கிழமை கணவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "என்ன சொல்லட்டும்?"

"ஃபிளாட் வேண்டாம்னு சொல்லிருங்க. ஏணிக்குக் கைப்பிடி வைக்கணும். ரெண்டு பக்கமும். அதுக்குக் கீழ இன்னொண்ணு, பிள்ளை உயரத்துக்கு."

"அவளுக்கு இன்னும் நடக்கவே தெரியாதே!"

"அடுத்த மழைக்குத் தெரியும்."

வெல்டிங் நடந்த அன்று அக்கா மேலிருந்து மேற்பார்வை பார்த்தார். "நல்லா உறுதியா வைக்கச் சொல்லு. மே மாசம் நான்லா அதப் பிடிச்சிக்கிட்டு இறங்கணும்!"

செய்தது சரிதானா என்று இப்போதும் எனக்கு நிச்சயமில்லை. இப்போது மகள் கீழே இருக்கும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தானாகவே ஏறுகிறாள், நான் பின்னால் கையை விரித்துக்கொண்டு நிற்கிறேன். வானம் கறுக்கும் நாட்களில், அவள் எழுந்திருப்பதற்கு முன்னால் போய், அந்தக் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்து ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு வருவேன்.