கப்பலுக்காக மட்டும் செய்த இருக்கை

எஃகு ஆலை மூடியபின் இரண்டு வருடம் வேலையில்லாமல் இருந்த ஓடெல் கெய்தர், ஐம்பதாவது வயதில் பால்டிமோர் துறைமுகத்தில் ஒரு வேலை பிடித்தார். என்ன வேலை என்று அவர் சொன்னதை அவருடைய மனைவி மேக்சின் நம்பவில்லை.

"குடிச்சிருக்கியா?"

"சத்தியமா. கப்பல்ல புது வேன் வருது. உள்ள புது சீட்டு, பெல்ட்டு, பக்கத்துல கண்ணாடி எல்லாம் இருக்கு. நாங்க சீட்டைக் கழட்டி அரைவை மெஷின்ல போடுறோம். கண்ணாடிய எடுத்துட்டுத் தகரம் வைக்கிறோம். அவ்வளவுதான், அது சாமான் ஏத்துற வேன் ஆயிடும்."

"அங்கயே சீட்டு இல்லாம செஞ்சு அனுப்ப வேண்டியதுதானே? எந்த மடையன் போட்ட திட்டம் இது?"

"அப்படி அனுப்பினா வரி பத்து மடங்கு. எல்லாம் ஒரு கோழிச் சண்டையால வந்தது."

வேலையில் சேர்ந்த அன்று மேற்பார்வையாளன் ரஸ்ஸல் சொன்ன கதை அது. அறுபதுகளில் அமெரிக்கக் கோழிக்கு ஐரோப்பாக்காரர்கள் வரி போட்டார்கள். அந்தக் கோபத்தில் அமெரிக்கா, வெளியிலிருந்து வரும் சாமான் வண்டிகளுக்கு வரி போட்டது. கோழிச் சண்டையை ஊரே மறந்துவிட்டது. வரி மட்டும் அப்படியே நின்றது. ஆள் ஏறும் வண்டிக்குக் கொஞ்சம், சாமான் ஏறும் வண்டிக்கு எக்கச்சக்கம். எனவே அந்த வேன்கள் கடலைத் தாண்டும்வரை ஆள் வண்டி. துறைமுகத்தின் வாசலைத் தாண்டும்போது சாமான் வண்டி. நடுவில் ஓடெலும் அவருடைய கத்தியும்.

மேக்சின் தன் கையிலிருந்த பொரித்த கோழி இறக்கையைத் திருப்பிப் பார்த்தார். "அப்போ இனிமே நமக்குச் சோறு போடப்போறது இவன்தான்" என்று சொல்லிவிட்டுக் கடித்தார்.

வேலை சீக்கிரமே கைக்கு வந்துவிட்டது. எப்படியும் அரைவைக்குப் போவதுதானே, பெல்ட்டை யாரும் பொறுமையாக அவிழ்ப்பதில்லை. கதவைத் தள்ளித் திறந்ததும் கொக்கிபோல் வளைந்த கத்தியால் மூன்று இழுப்பு. மூவர் உட்காரும் சீட்டின் மூன்று பெல்ட்டும் அறுந்து தொங்கும். பிறகுதான் போல்ட்டு. சில மாதங்களில் அந்த மூன்று இழுப்பைக் கை தானாகவே செய்தது. மனம் வேறெங்காவது இருக்கும்.

மனம் எங்கே இருந்தது என்றால், பெரும்பாலும் எஃகு ஆலையில். அங்கே செய்வதற்குச் சம்பளம் வாங்கினார். இங்கே கெடுப்பதற்கு. அது குறைந்த வேலையா என்று தன்னையே கேட்டுக்கொள்வார். வீட்டுக் கடனுக்கு எந்தப் பணம் என்று தெரியவா போகிறது என்றும் சொல்லிக்கொள்வார். அந்தப் பதில் அவருக்கு நிறைவாக இருந்ததில்லை. ஒரு பிடிவாதம்போல, மதியச் சாப்பாட்டை மட்டும் கழற்றிப்போட்ட புது சீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவார். ரொட்டிக்கு நடுவில் வைத்த பொரித்த மீன், காரச் சாறு. பத்து நிமிடத்தில் முதுகுத்தண்டின் அடி வலிக்க ஆரம்பிக்கும். பஞ்சு அவ்வளவு மெல்லிசு. தலை சாய்க்க மேல்பகுதியும் கிடையாது. கடலைத் தாண்டினால் போதும் என்று செய்த சீட்டு.

மேக்சினின் சிறுநீரகம் கெட்டுப்போனது அதற்குப்பின். இடது முழங்கையில் இரத்தக்குழாய்களை இணைத்து ரத்தச் சுத்திகரிப்புக்கு வழி செய்தார்கள். அந்த இடத்தில் தோலுக்கு அடியில் எப்போதும் ஒரு இரைச்சல் ஓடும். முதல்நாள் ஓடெலின் தலையைப் பிடித்து இழுத்துக் காதைத் தன் கையில் வைத்தார் மேக்சின்.

"கேக்குதா?"

"புறா முனகுற மாதிரி இருக்கு."

"அது நின்னா நான் நின்னேன். தினம் ஒரு தடவ கேட்டுச் சொல்லு."

வாரம் மூன்று நாள், விடியலில், ஹானோவர் தெருப் பாலம் தாண்டிச் சிகிச்சை நிலையத்துக்குப் போக வேண்டும். எதிர்வீட்டு பர்னெல் டாக்கின்ஸுக்கும் அதே இடம், அதே நேரம். சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்தவர். ஓடெலிடம் ஏழுபேர் உட்காரும் பழைய மினிவேன் இருந்தது. தரைக்குப் பக்கத்தில் தளம், பக்கவாட்டில் நகரும் கதவு. பர்னெல் கைத்தடியை முதலில் எறிந்துவிட்டுப் பின்னால் தானும் விழுவார். "ராஜா ஏறியாச்சு, ரதத்த விடு" என்பார். மேக்சினை அவர் சகோதரி என்றுதான் கூப்பிடுவார். ஒரே தேவாலயம்.

ஒரு குளிர்காலத்தில் அந்த மினிவேனின் கியர்பெட்டி உடைந்தது. சரிசெய்யும் செலவுக்கு வண்டியே பெறாது. ஓடெல் விற்பனைக் கூடத்துக்குப் போனார். கழுத்துப்பட்டி அணிந்த இளைஞன் ஒருவன் வந்தான்.

"ஐயா, அந்த மாடல நிறுத்திட்டாங்களே."

"ஏன்? வண்டி நல்லாத்தானே இருந்துச்சு?"

"வண்டிக்கு ஒரு குறையும் இல்ல. ஓட்டுறவங்களுக்குத்தான் வெக்கம். பிள்ளகுட்டிக்காரன்னு ரோட்டுல போறவனுக்குத் தெரிஞ்சிடுமாம். இதோ, இந்த மாதிரி உயரமா, மலையேறப் போற மாதிரி இருக்கணும்."

"இங்க எங்கய்யா மலை?"

"மலை எதுக்கு? கம்பெனிக்கும் இதுலதான் காசு. அதே இரும்பு, அதே ஆளுங்க, ஆனா லாபம் மூணு மடங்கு. அப்புறம் எவன் உங்க மினிவேனச் செய்வான்?"

"இதுல என் பொண்டாட்டி ஏற முடியாது."

"படி வெச்சுக் குடுக்கறோம். அதுக்குத் தனி விலை."

பழைய மினிவேன்கள்கூட விலை ஏறிக் கிடந்தன. வேண்டியவர்கள் எல்லாரும் இருப்பதைத்தான் பிடித்து வைத்திருந்தார்கள். கடைசியில் ஒரு பூக்கடைக்காரர் கழித்துப்போட்ட சின்ன வேன் கிடைத்தது. பின்கதவைத் திறந்து ஓடெல் தலையை உள்ளே நீட்டினார். உள்ளே லில்லி வாசனை. பக்கத்தில் கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் தகரம். தரையில் போல்ட்டு இருந்த ஓட்டைகள், ரப்பர் மூடியோடு. அவர் வேலைசெய்யும் துறைமுகக் கொட்டகையில் சீட்டை இழந்த வண்டி. ஒருவேளை அவர் கையாலேயே.

முன்னால் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஓர் இடம்தான். அதில் மேக்சின் உட்காரவில்லை.

"ஒத்தக் கால வெச்சுக்கிட்டு அவரு பின்னாடி ஏற முடியுமா? அவரு முன்னாடி வரட்டும்."

"அப்போ உனக்கு?"

"பின்னாடி பூவோட பூவா வர்றேன்."

இரண்டு நடை அடித்துப் பார்த்தார் ஓடெல். இரண்டாவதாகப் போகிறவர் தாமதமாக வந்ததால் சிகிச்சை நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். ஆகவே மேக்சின் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பால்கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து போனார். ஹானோவர் பாலத்தின் குழிகள் ஊர் அறிந்தவை. ஒவ்வொரு குழிக்கும் பின்னாலிருந்து ஒரு வசவு வரும். திரும்பும்போது வசவும் வராது. சிகிச்சை முடிந்து ரத்த அழுத்தம் இறங்கியபின் மேக்சினால் வாய் திறக்கக்கூட முடியாது. சுவரைப் பிடித்தபடி வருவார். ஓடெல் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டுவார். அன்று பிற்பகல் வேலைக்குப் போய், அந்த வேனுக்குச் சரியாகப் பொருந்தும் சீட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அரைவையில் போடுவார்.

ரஸ்ஸலிடம் கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு, தம்பி. பழசானாலும் பரவாயில்ல."

"இங்க பழசு ஏதுண்ணே? எல்லாம் புதுசுதான், அதான் வம்பு. உள்ள வந்த சீட்டும் அரைச்ச எடையும் பொருந்தணும். ஒண்ணு வெளிய போச்சுன்னா நான் பின்னாடியே போகணும்."

சில வாரம் கழித்து ரஸ்ஸலே தேடிவந்தான்.

"நாளைக்குச் சுங்கத்துறை ஆளுங்க வர்றாங்க. இந்தச் சீட்டு நெசமாவே ஆள் உக்கார வந்ததா, இல்ல வரிய ஏமாத்தவான்னு பாக்கப் போறாங்க. வயசுல மூத்தவரு நீங்க, உங்களத்தான் கேப்பாங்க. நல்லவிதமா நாலு வார்த்த சொல்லுங்க. அண்ணி விஷயத்த நான் பாத்துக்கறேன்."

மறுநாள் ஓர் அதிகாரி அம்மாள் வந்து கழற்றிய சீட்டுகளை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். பிறகு ஓடெலிடம் கேட்டார்: "இதுல யாராவது உக்காந்து நீங்க பாத்திருக்கீங்களா, சார்?"

"பாத்திருக்கேனே. நானே தினம் உக்காருவேன்."

"நீங்களா?"

"மத்தியானச் சாப்பாடு இதுலதாங்க."

பின்னால் யாரோ இருமினார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. "உக்கார வசதியா இருக்கா?"

ஓடெல் பால்கூடையை நினைத்தார். "வசதியா இருக்குங்க. நல்லாவே இருக்கு."

அன்று அதை வீட்டில் சொன்னபோது மேக்சின் விடவில்லை. "வசதியா இருக்குன்னா சொன்ன? முதுகு உடையுதுன்னு வருஷக்கணக்கா எங்கிட்டப் பொலம்பினியே?"

"உனக்காகத்தான்."

"என் பேரச் சொல்லி என்ன வேணா சொல்லுவியா?"

சுங்கத்துறையோடு நடந்த வழக்கு கம்பெனிக்கு எதிராகத்தான் போனது. ஓடெலின் மதியச் சாப்பாட்டை யாரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. அவர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் இதேதான் நடந்திருக்கும் என்று ரஸ்ஸல் சொன்னான். அந்தச் சீட்டுக்கான வாக்கை அவன் ஒவ்வொரு மாதமும் தள்ளிப்போட்டான், மறுபடி அதிகாரிகள் வந்துவிடுவார்களோ என்று. பிறகு ஒருநாள் எல்லாரையும் நிற்கவைத்துச் சேதி சொன்னான்.

"இந்தச் சின்ன வேனையே நம்ம நாட்டுல விக்கறத நிறுத்துறாங்களாம். வரி கட்டி வித்தா கட்டுப்படியாகல. இங்கயே செய்யலாம்னா, பெரிய வண்டி செய்யற இடத்த இதுக்கு ஏன் குடுக்கணும்னு கேக்கறாங்களாம். மத்த கம்பெனியும் ஒண்ணொண்ணா விட்டுட்டுப் போறான். இந்தக் கப்பல்தான் கடைசி."

"அப்போ பூக்காரன், பைப்புக்காரன்லாம் எதுல போவான்?" என்று ஒருவன் கேட்டான்.

"பெருசு வாங்கி, சந்துல மாட்டிக்கிட்டு நிப்பான்."

ஓடெலை மட்டும் தனியே நிறுத்தினான் ரஸ்ஸல். "கடைசி வண்டிச் சீட்டு உங்களுது. அன்னிக்கு எவனும் எடை பாக்கப் போறதில்ல. பெல்ட்டோட முழுசா கழட்டி எடுத்துக்கங்க."

கடைசி நாள் எல்லாரும் கொஞ்சம் அதிகமாகவே பேசினார்கள். யார் எங்கே வேலை கேட்டிருக்கிறார்கள், யாருடைய மச்சான் எந்தக் கிடங்கில் இருக்கிறான் என்று. அரைவை இயந்திரம் மதியம்வரை ஓடியது. ஒவ்வொரு வேனாக நகர்ந்து, கடைசி வேன் ஓடெலின் முன்னால் வந்து நின்றது. வெள்ளை நிறம். அவர் கதவைத் தள்ளித் திறந்தார். அறுபத்தோரு வயதில் இனி யார் வேலை தருவார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே" என்றான் ரஸ்ஸல்.

ஓடெல் திரும்பினார். ரஸ்ஸல் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கத்தி மூன்றாவது இழுப்பையும் முடித்திருந்தது. மூன்று பெல்ட்டும் அறுந்து தொங்கின.

யாரும் சிரிக்கவில்லை. அதற்கு முந்தைய வண்டிகளின் பெல்ட்டுகள் எல்லாம் அரைந்து தூளாகிப் பெட்டியில் கிடந்தன. ஓடெல் அந்தப் பெட்டிக்குள் கையை விட்டுக் கிளறிப் பார்த்தார். பிறகு போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தார்.

பழைய வண்டிக் கிடங்குகளில் அலைந்து பெல்ட்டு தேடினார். அந்தச் சீட்டின் பூட்டு வேறு எதற்கும் சேராத பூட்டு. வேறெங்கும் போகாத சீட்டுக்கு அது போதும் என்று யாரோ எங்கோ முடிவு செய்திருந்தார்கள். கடைசியில் சாமான் கட்டும் பட்டை ஒன்றை வாங்கிச் சீட்டோடு சேர்த்து மேக்சினின் இடுப்பைச் சுற்றி இறுக்கினார்.

"கடைசியில என்னையும் சாமான் ஆக்கிட்ட" என்றார் மேக்சின்.

"சகோதரி, விலைச்சீட்டு ஒட்டலையே, அதுக்கே சந்தோஷப்படு" என்றார் முன்னாலிருந்து பர்னெல்.

போகும்போது அந்தப் பட்டை தாங்கியது. வரும்போது, நீர் முழுக்க வடிந்து துவண்ட வயிற்றில் அது அழுத்திக் குமட்டலைக் கிளப்பியது. மேக்சின் சில நாள் பொறுத்துக்கொண்டார். ஒரு வெள்ளிக்கிழமை, யாரிடமும் சொல்லாமல், பட்டையைத் தளர்த்திவிட்டார்.

பாலத்தின் நடுவில், படகுக்காகப் பாலத்தைத் தூக்கப்போவதைச் சொல்லும் சிவப்பு விளக்கு எரிந்தது. முன்னால் போன உயரமான வண்டி மறைத்ததால் ஓடெல் அதைக் கடைசியில்தான் பார்த்தார். பிரேக்கை மிதித்தபோது சக்கரம் ஒரு குழிக்குள் இறங்கியது. பின்னாலிருந்து வசவு வரவில்லை. தகரத்தில் ஏதோ மோதும் சத்தம் மட்டும் வந்தது.

மேக்சின் சீட்டிலிருந்து வழுக்கித் தரையில் கிடந்தார். கண்ணாடிக்குப் பதிலாக வைத்த தகரத்தின் விளிம்பில் இடது கை அடிபட்டிருந்தது. ரத்தம் இல்லை. "ஒண்ணுமில்ல, ஓட்டு" என்றார். பர்னெல் திரும்பிப் பார்த்தபடியே வந்தார்.

வீட்டில் ஓடெல் ஐஸ் வைத்துக் கட்டினார். சாயங்காலத்துக்குள் முழங்கை நீலம் பாரித்து வீங்கிவிட்டது. மேக்சின் கட்டிலில் சாய்ந்து கையை நீட்டினார்.

"இன்னிக்கு நீ கேக்கலியே."

ஓடெல் குனிந்து காதை வைத்தார். தோல் சூடாக இருந்தது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டார். தெருவில் ஒரு வண்டி போகும் சத்தம் வந்தது, குளிர்பெட்டியின் முனகல் கேட்டது. காதைக் கொஞ்சம் மேலே நகர்த்தினார். பிறகு கீழே.

"கேக்குதா?"

"கேக்குது."

மேக்சின் மெதுவாகக் கையை இழுத்துக்கொண்டார்.

"அந்த அதிகாரி அம்மாகிட்டச் சொன்ன அதே குரல்ல சொல்ற" என்றார்.

ஓடெல் எழுந்து மேசைமேல் இருந்த வண்டிச் சாவியை எடுத்தார். எதிர்வீட்டில் பர்னெல் ஜன்னலோரம் உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் இந்த நடையில் அவர் இல்லை. மேக்சின் முன்னாலேயே உட்காரலாம்.