விருத்தாசலத்திலிருந்து ஒருவர்

போன வாரம் நெட் சென்டரில் பக்கத்து சீட்டு அண்ணன், பீங்கான் பொம்மை வியாபாரி, வலைப்பூக்களை ஒரே இடத்தில் திரட்டித் தரும் என் ஃபீட் ரீடரை எட்டிப் பார்த்தார்.

"அவங்கவங்க பிளாக்குக்குப் போவாமயே எப்பிடி தம்பி படிக்கிற?"

புது இடுகை தானாக ரீடருக்கே வந்துவிடும், அங்கே போன தடம் இருக்காது என்று ஆர்எஸ்எஸ் ஓடை விவரத்தைச் சொன்னேன். உடனே ஒரே ஒரு வலைப்பூவைச் சேர்த்துத் தரச் சொன்னார். ஒரு பெண் எழுதும் சமையல் குறிப்புகள்.

"எம் பொண்ணுதான். அது இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கிச்சு, பேச்சுவார்த்தை இல்ல. தெனம் போய்ப் படிக்கிறேன். ஆனா எந்த ஊர்லேர்ந்து ஆளு வந்துச்சுன்னு ஓரத்துல காட்டுதே, அதான் சங்கடமா இருக்குது."

சேர்த்துக் கொடுத்தேன்.

இன்று மறுபடி பக்கத்து சீட்டு. அவர் ரீடரில் மகளின் புது இடுகை வந்திருந்தது. சமையல் இல்லை, இரண்டே வரி.

"விருத்தாசலத்திலிருந்து தினமும் வருபவரை ஒரு வாரமாகக் காணவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?"

அண்ணன் ரீடரை மூடிவிட்டு மகளின் வலைப்பூவுக்கே போனார். ஓரத்தில் விருத்தாசலம் என்று நம்ம ஊர்ப் பெயர் வந்த பிறகுதான் நாற்காலியில் சாய்ந்தார்.

ரீடரிலேயே படித்துவிட்டு நழுவுகிற நண்பர்களே, அவ்வப்போது என் வலைப்பூவுக்கும் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போங்கள். இங்கேயும் ஒருத்தன் ஓரத்தைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறான்.