என் பல்லில் இல்லாத புழுக்கள்

தாராவியில் தோல் பதனிடும் வேலை எனக்கு. சென்ற மழைக்காலத்தில் கடைவாய்ப்பல்லின் வேரில் சீழ் பிடித்தது. மாதுங்கா டாக்டர் பெனிசிலின் ஊசிக்குச் சீட்டு எழுதித் தந்தார். வழியில் எங்கள் சந்து வைத்தியர் மறித்தார்.

"ஊசி எதுக்குவே? புழுவ எடுத்தா வலி போயிரும்லா!"

நம்ம திருநெல்வேலிக்காரர் ஆயிற்றே என்று நம்பினேன். தண்ணீர்க் கிண்ணத்தின் நடுவே ஒரு கல்லை நிறுத்தி, அதன்மேல் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்து, கண்டங்கத்திரி விதையைத் தூவி, அந்தப் புகையைக் குழாய் வழியாக என் வாய்க்குள் விட்டார். தண்ணீரில் வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள் மிதந்தன. ஊசி போட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் வீக்கம் கழுத்துக்கு இறங்கியது. எச்சில்கூட விழுங்க முடியவில்லை. மனைவி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். கழுத்தைக் கீறிச் சீழை எடுத்துப் பிழைக்கவைத்தார்கள். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் மூச்சே அடைத்திருக்குமாம்.

வீடு திரும்பியதும் அதே விதையை வாங்கி, அதே மாதிரி சுட்ட இரும்பில் தூவினேன். அதே புழுக்கள்! சூட்டில் வெடித்த விதைக்குள்ளிருந்து தெறித்த வெள்ளை முளைக்கருதான் அது.

இப்போது ஞாயிறுதோறும் அந்த ஆளின் கடைக்கு எதிரே கிண்ணத்தோடு உட்காருகிறேன்.

"எம் பொழப்புல மண்ணள்ளிப் போடுதீரே, வே!" என்று கத்துகிறார்.

நான் வாயை இறுக மூடிக்கொண்டு, விதையைத் தூவி, எல்லோரும் பார்க்கப் புழு எடுக்கிறேன்.